பச்சைக் கதவில் ஒரு வெள்ளிக் கை

உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் ஓலைவெடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, இது உங்களுக்காகத்தான். இளவட்டங்கள் படித்தால் ஆட்சேபணை இல்லை. ஆனால் நடுவில் புகுந்து, ‘வீடு மாறுகிறவன் எதற்குக் கதவைக் கழற்றிக்கொண்டு போனான்?’ என்று கேட்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன மாதம் நம் கூட்டாளிகள் சிலர் டீக்கடையில் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, காலமானவர்கள் விட்டுப்போன பொருட்களில் வந்து நின்றது. ஒருவன் தன் அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான். ஒருவன் அம்மாவின் சுருக்குப்பையைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறானாம். இன்னொருவன் மூக்குக்கண்ணாடி என்றான். எல்லாம் சட்டைப்பைக்குள் அடங்குகிற, மரியாதையான பொருட்கள். “ஒங்க வீட்டுல என்னப்பா இருக்கு?” என்று என் பக்கம் திரும்பினார்கள். “கதவு” என்றேன். ஒருவனுக்கு டீ புரையேறியது. அவன் தலையில் தட்டிவிட்டுச் சொல்ல ஆரம்பித்த கதை இது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. செல்போன் முதலாளிமார் இடுப்பில் மட்டும் தொங்கியது. நாங்கள் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. அப்பாவும் மாமாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலிக்கும் வேலை பார்த்தார்கள். அலுமினியப் பொடி சலிக்கிறவர்கள் சாயங்காலம் தெருவில் வரும்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழங்கை வரை வெள்ளி. புருவத்தில் வெள்ளி. காது மடலில் வெள்ளி. வெயில் சாயும் நேரத்தில், கோயிலிலிருந்து கவசத்தோடு சாமிகள் இறங்கி பீடி குடித்துக்கொண்டு நடந்து வருவதுபோல இருக்கும்.

என் அப்பா மட்டும் சாதாரண நிறத்தில் வருவார். எனக்கு அதில் பெரிய குறை. எதிர்வீட்டுப் பையனின் அப்பா ஜொலிக்கிறார், நம் அப்பா தபால்காரர் மாதிரி வருகிறாரே என்று. மாமா அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். அவர் தலைமுடி வரை மினுங்கிக்கொண்டே வந்து, அப்படியே அடுப்படிக்குள் நுழைந்து, அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்குவார்.

மாமாவுக்கு அப்போதுதான் இருபது தாண்டியிருந்தது. கையில் எடுத்ததெல்லாம் உடையும். ரேடியோவின் திருகு கையோடு வந்தது. சைக்கிள் செயின் அறுந்தது. அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பீங்கான் ஜாடி, சும்மா பக்கத்தில் போய் நின்றதற்கே உடைந்தது என்று மாமா இன்றும் சாதிக்கிறார். அம்மா கடைசியாக ஒரு எச்சரிக்கை கொடுத்தாள்.

“ஏலே, இன்னும் ஒரே ஒரு பொருளு பாழாகட்டும். ஆடு மேய்க்க ஊருக்கே பஸ் ஏத்தி விட்டுருவேன், பாத்துக்க.”

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். நானும் கூடப் போனேன். தங்கச்சி பிறந்து, நாங்கள் திரும்பி வரும்போது வீட்டுக்காரர் வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தார். கிளிப்பச்சை. அந்தப் பச்சையின் நடுவில், பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில், ஐந்து விரலும் விரிந்த ஒரு வெள்ளிக் கை. பெயின்ட் காயுமுன் யாரோ பொடி படிந்த கையை அழுத்தி வைத்திருக்கிறார்கள். பொடி பெயின்ட்டுக்குள் இறங்கி, காய்ந்து, நகத்தால் சுரண்டினாலும் வராதபடி உட்கார்ந்துவிட்டது.

கைக்குழந்தையோடு வாசலில் நின்றபடியே அம்மா கேட்டாள். “யாரு வேலை இது?”

“நான்தான்” என்றார் அப்பா. “காயலன்னு தெரியாம வச்சிட்டேன்.”

“புதுக் கதவுல போயி! கண்ணு எங்க இருந்துச்சு? நாளைக்கு வீட்டுக்கார அண்ணாச்சி கேட்டா நான்ல பதில் சொல்லணும்!” என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆரத்தி எடுத்து முடித்து, சோறு வைத்து, குழந்தையைத் தொட்டிலில் போடும் வரை அம்மா நிறுத்தவில்லை. மாமா அன்று முழுக்க மிக நல்ல பிள்ளையாக இருந்தார். சொல்லாமலே குடத்தில் தண்ணீர் எடுத்துவைத்தார்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார்.

சிவகாசிப் பக்கம் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே ‘வெடி விபத்தா?’ என்பார்கள். இல்லை. அத்தனை காலம் மருந்துக்குள் குளித்த மனிதரை மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஒரு கொசு செய்தது. காய்ச்சல் என்று படுத்தார். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அம்மா வேனில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அதற்கு மேல் அந்த நாளைச் சொல்லப்போவதில்லை. உங்களில் பலருக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும். அதையே இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுதான் இருந்தது. ஸ்டுடியோவில் எடுத்தது. போட்டோக்காரர் இரவல் கோட்டு மாட்டிவிட்டு, முகத்தை வெளுப்பாக்கி, மீசையைத் தூரிகையால் கூராக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் விட்டிருந்தார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இந்தாளு யாருன்னே எனக்குத் தெரியல” என்று சொல்லி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை. தங்கச்சி அழுதால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏதாவது கேட்டால், “அவரு மொகமே ஞாபகத்துக்கு வர மாட்டேங்கு” என்பாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் கஞ்சியோடு வந்து கஞ்சியோடு போனார்கள். மாமா வாசற்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் தோன்றாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் கடித்தேன்.

ஒரு காலையில் அம்மா முற்றம் வரை போகலாம் என்று தட்டுத்தடுமாறி எழுந்தாள். தலைசுற்றலில் கதவைப் பிடித்தாள். பிடித்த இடம் அந்த வெள்ளிக் கை. தன் கையை அதன் மேல் வைத்தபடியே அப்படியே நின்றாள். விரலுக்கு விரல் வைத்து, அழுந்த. பிறகு எங்களைப் பார்த்து, “அந்தக் கஞ்சி சூடா இருக்கா?” என்றாள்.

அன்றிலிருந்து அது கதவு இல்லை. அது அப்பா.

அந்த அப்பா இருந்த வீட்டைத்தான் கொஞ்ச நாளில் நாங்கள் காலிசெய்ய வேண்டி வந்தது. வீட்டுக்காரர் அந்த இடத்தை அட்டைப்பெட்டி குடோன் ஆக்கப்போவதாகச் சொன்னார். விஸ்வநத்தத்தில் ஒரு லைன் வீடு கிடைத்தது. சாமான்களைக் கட்டி முடித்த பிறகு அம்மா சொன்னாள். “அண்ணாச்சி, இந்தக் கதவை எடுத்துக்கிடுறேன்.”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “ஏம்மா, குடியிருக்க வந்தவுக கொடி, கொக்கி கழட்டிட்டுப் போறதப் பாத்துருக்கேன். கதவா?”

“அவரு கை இருக்கு அண்ணாச்சி அதுல.”

அவர் கதவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். இடுப்பில் இருந்த தங்கச்சியைப் பார்த்தார். “எப்படியும் நான் ஷட்டர்தான் போடப்போறேன், கொண்டு போங்க” என்றார். பிறகு மனசு கேட்காமல், “நெலைச் சட்டத்தையாவது எனக்கு விட்டுட்டுப் போவீகளாம்மா?” என்று கேட்டார். சாவுக்குப் பிறகு அம்மா முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

ஊர்வலத்தைச் சொல்ல வேண்டும். மூன்று சக்கர வண்டியில் அடியில் பாத்திரங்கள், மேலே கதவு மல்லாக்க. கை வானத்தைப் பார்த்து ஆசீர்வாதம் செய்தபடி வருகிறது. கதவின் மேல் ஒரு ஓரத்தில் தங்கச்சி, அம்மன் மாதிரி. கயிறு போதாததால் மாமா பின்னால் தாங்கிப் பிடித்தபடி நடந்தார். நான் முன்னால், யாரும் கேட்காமலே, ‘வழி, வழி’ என்று கத்திக்கொண்டு. சாலையோரம் நின்ற ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். டீக்கடை வாசலில் ஒருவர், “எந்தக் கோயிலுப்பா?” என்று கேட்டார்.

மாமா மூச்சிரைக்க, “எங்க மச்சானுங்க” என்றார்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புது வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு கதவு இருந்தது. அதனால் நம் கதவு அறைக்குள் சுவரில் சாய்ந்தது. இருந்த ஒரே அறையில் அதுதான் பெரிய ஆள். அமாவாசைக்கு அமாவாசை அம்மா விரல்நுனி ஐந்துக்கும் சந்தனம் வைப்பாள். சாமந்தி மாலை போடுவாள். கீழே இலையில் உளுந்த வடையும் பாயசமும். காக்கை தின்ற பிறகு எங்களுக்கு. மாமாதான் சூடம் காட்ட வேண்டும். வீட்டின் ஆண்பிள்ளை அவர். சூடத் தட்டைப் பிடித்திருக்கும்போது அவர் முகம் பள்ளிக்கூட ஆய்வாளர் முன் நிற்கும் வாத்தியார் முகம்போல இருக்கும். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா, “மச்சான்கிட்ட உத்தரவு வாங்கிட்டுப் போ” என்பாள். மாமா கதவின் முன் போய் நின்று, உத்தரவு வாங்கிக்கொண்டு போவார்.

நானும் சும்மா இருக்கவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது அந்தக் கையில் என் கையை வைத்து மனமுருக வேண்டிக்கொண்டு போவேன். வரிசையாக எல்லாப் பரீட்சையிலும் தோற்றேன். ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. மதிப்பெண் அட்டையை ஒளித்துவைக்கும் இடமும் கதவின் பின்புறம்தான். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் என் கையை இழுத்து அந்தக் கையோடு ஒப்பிட்டு, “அப்படியே அப்பன் கை!” என்று கண்கலங்குவார்கள். நானும் விரல்களை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டுவேன்.

ஒருநாள் தெருவுக்குள் கைரேகை பார்க்கிறவர் ஒருவர் வந்தார். அம்மா அவரைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டினாள்.

அவர் திகைத்துப்போனார். “தாயி, ஆளு கை நீட்டும், நான் பாப்பேன். கதவு கை நீட்டி இப்பத்தான் பாக்குறேன்.” ஆனாலும் தொழில் விட்டுக்கொடுக்குமா? பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே, குறுக்காக ஒரு பட்டை மட்டும் வெள்ளி படாமல் பச்சையாகத் தெரியும். அதில் விரலை வைத்தார். “இதான் தாயி. ஆயுள் ரேகை பாதியில வெட்டுப்பட்டுருக்கு. இந்தக் கை முப்பதைத் தாண்டி ரொம்ப நாளு இருக்காது. யாரு என்ன செஞ்சாலும் நிறுத்த முடியாது.”

“யாரு என்ன செஞ்சாலுமா?” என்றாள் அம்மா.

“யாரு என்ன செஞ்சாலும்.”

அப்பா போனது முப்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில்தான். அம்மா நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டாள். இன்னும் சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ என்று அவள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அந்த மூச்சில் கொஞ்சம் வெளியே போனது. அவளுக்கு அது ஆறுதல். ஆனால் ரேகைக்காரருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மாமாவின் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. அவர் கையில் எதுதான் தங்கியது?

அதற்குப் பிறகு மாமா ஆளே மாறிவிட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால், “இப்ப வேணாம்க்கா” என்பார். நல்ல நல்ல இடங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் ‘வேணாம்’. “அக்கா பிள்ளைகளைக் கரையேத்தணும்னு தன் வாழ்க்கையையே ஒதுக்கிட்டானே!” என்று உறவு முழுக்க அவரைப் புகழ்ந்தது. யாராவது அப்படிப் புகழ்ந்தால் மாமா கதவை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். மச்சானை நினைத்து உருகுகிறார் என்று எல்லோரும் இன்னும் உருகுவார்கள்.

கடைசியில் அம்மா பட்டினி கிடந்து அவரைச் சம்மதிக்க வைத்தாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண். அத்தை வந்த நாளிலிருந்து வீட்டில் சத்தமும் சிரிப்பும் வந்தன. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். பேச்சும் தீக்குச்சிதான், உரசினால் போதும். அவளுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே கஷ்டம் குளியல். பின்னால் மூன்று பக்கமும் செங்கல் சுவர், நான்காவது பக்கம் சாக்குப் படுதா. ஆடி மாதம் பிறந்தது. எங்கள் ஊர் ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். அத்தை ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளித்தாள். ஒருநாள் சாக்கு அவள் கையை உதறிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்தது. அவள் உள்ளேயிருந்து போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தங்கச்சிதான் ஓடிப்போய்ப் போர்வையைக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈரத்தலையோடு வந்த அத்தை அம்மாவிடம், “மதினி, தப்பா நெனைக்காதீக. அமாவாசைக்குக் கும்புடுறது போக இந்தக் கதவு சும்மாதான சாஞ்சு கெடக்கு. அதைக் குளிக்கிற எடத்துக்கு மாட்டிக்கிட்டா என்ன?” என்றாள்.

எனக்கு வாயிலிருந்த சோறு நின்றுவிட்டது.

“அது கதவு இல்ல தாயி” என்றாள் அம்மா மெதுவாக. “அது ஒங்க அண்ணன்.”

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். தீட்டாகிவிட்டதோ, குற்றமாகிவிட்டதோ என்று பதறிப்போய்க் கதவின் முன் மண்டியிட்டுக் கும்பிட்டாள். வந்த நாளாக மாலைக்குப் பின்னால் மங்கலாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது காய்ந்த மாலையை ஒதுக்கிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தாள். இன்னும் கிட்டத்தில் போனாள். பிறகு வெள்ளந்தியாகத் திரும்பிக் கேட்டாள்.

“ஏன் மதினி, அண்ணனுக்கும் உள்ளங்கையில இவுகளுக்கு மாதிரியே வெட்டுத் தழும்பு இருந்துச்சா?”

“எவுகளுக்கு?”

“இவுகளுக்குத்தான்” என்று மாமாவைக் காட்டினாள். “நான் ஆசைக்கு இவுக கையில மருதாணி வச்சுவிட்டேன்ல. கட்டைவிரலுக்குக் கீழ மட்டும் ஒரு கோடு செவக்கவே இல்ல. இந்தா, இந்தக் கோடு கெடக்குற எடத்துலதான்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏலே, இங்கன வா” என்றாள் அம்மா. “கையைக் காட்டு.”

“சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்க்கா.”

“கழுவிட்டு வா.”

மாமா கையை அவ்வளவு நேரம் கழுவி நான் பார்த்ததில்லை. துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கதவில் இருந்த கையின் மேல் வைத்தாள். மூடி டப்பாவில் உட்காருவதுபோல உட்கார்ந்தது.

“கம்பி கிழிச்சுருச்சுக்கா” என்றார் மாமா, கையை எடுக்காமலே. “பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். அன்னைக்குப் பசி. ஓடி வந்து கதவத் தள்ளிட்டேன். நீ வந்தா ஊருக்கு அனுப்பிருவேன்னு பயந்து அழுதேன். மச்சான்தான், ‘நான்னு சொல்லிக்கிடுறேன், நீ வாயத் தொறக்காத. ஒன்னைய அனுப்பிட்டா எனக்கு சினிமாவுக்குத் தொணைக்கு ஆளு வேணும்ல’ன்னாரு.”

“அப்ப சொல்லல, சரி. பெறகு ஏம்லே சொல்லல? இத்தனை வருசம்?”

மாமா கையை எடுத்தார். “எப்படிக்கா சொல்ல? ஒரு வாய்க் கஞ்சி இறங்காமக் கெடந்தே. இதத் தொட்டுட்டுத்தான எந்திரிச்சே. இது அவரு கையில்லன்னு சொன்னா, திரும்பப் போயிப் படுத்துருவியோன்னு...”

எங்கள் எல்லோருடைய பயமும் அதுதான். தங்கச்சிகூட அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விவரம் தெரியாத வயதில் நடந்தது அது, ஆனாலும் பிடித்துக்கொண்டாள். அம்மா படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு உள்ளூர இன்னொரு பயமும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது: இனி அமாவாசைக்கு வடை உண்டா? நான் நினைத்ததைத் தங்கச்சி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அம்மா கதவின் முன்னால் உட்கார்ந்தாள். படுக்கவில்லை, உட்கார்ந்தாள். தனக்குத்தானே பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

“அந்த மனுசன் கழுவாத கையோட இந்த வீட்டுல ஒரு டம்ளரத் தொட்டதில்ல. எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேச்சு, கம்பெனியிலேயே கழுவிட்டுத்தான் வருவாரு. பிள்ளையத் தூக்கணும்ல, அதுக்காக. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும்...” என்று நிறுத்தினாள். “நான்தான்னு அவரே சொன்னாருல்ல. அந்த மனுசன் வாயிலேர்ந்து பொய் வரும்னு நான் கண்டேனா?”

பிறகு அவளுக்கு வேறொன்று உறைத்தது. எழுந்தே விட்டாள். “அடப் பாவி! உசுரோட இருக்கிறவனுக்கா நான் மாலை போட்டு, படையல் வச்சு, சூடம் காட்டினேன்? அதுவும் ஒன்னையவே காட்டச் சொல்லி!”

“அதை விடுக்கா, அந்த ரேகைக்காரரு என்ன சொன்னாரு? முப்பதைத் தாண்டாதுன்னாருல்ல! நான் என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்” என்று மாமா அழ ஆரம்பித்தார். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. டம்ளர் ஏன் விழுந்தது, பெண்களை ஏன் வேண்டாம் என்றார், தியாகம் தியாகம் என்று உறவே கொண்டாடியது என்ன தியாகம் என்று எல்லாம். அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அப்ப, செத்துப்போயிருவோம்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் எனக்குத் தாலி கட்டுனீகளோ?”

“அக்கா பட்டினி கெடந்துச்சுல்ல” என்றார் மாமா.

அம்மா சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எந்தத் தண்ணீர் என்று நாங்கள் ஆராயவில்லை. எனக்கும் என் கணக்குப் பரீட்சைகளின் மர்மம் அன்றுதான் துலங்கியது. மாமா எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர். அவரிடம் போய் நான் வரம் கேட்டிருக்கிறேன்.

பரிகாரம் இல்லாமல் விடுவாளா அம்மா? அந்த ஞாயிற்றுக்கிழமையே இருக்கன்குடி அம்மன் கோயில். ஆத்தா முன்னால் மாமாவின் தலையை மொட்டை போட்டு, மாவிளக்கு எடுத்து, ஆற்றுமணலில் பொங்கல் வைத்தோம். புதுமாப்பிள்ளை மொட்டை வெயிலில் வெண்கலப் பானையாக மின்னியது. அத்தை அதில் சந்தனம் தடவிவிட்டபடியே சொன்னாள், “அழகாத்தான் இருக்கீக. இனிமே சீப்பு உடையாது.” திரும்பும்போது சாத்தூரில் இறங்கி காராச்சேவு வாங்கி, பஸ்ஸில் பொட்டலம் கைமாறிக் கைமாறி, வீடு வருமுன் காலி. மாமா முப்பதைத் தாண்டினார். நாற்பதையும் தாண்டிவிட்டார். போன வாரம்கூட என் வீட்டில் ஒரு நாற்காலியை உடைத்துவிட்டுப் போனார்.

இருக்கன்குடியிலிருந்து வந்த மறுநாள் அம்மாவே மாமாவிடம் சுத்தியலையும் கீலையும் எடுத்துக் கொடுத்தாள்.

“கொண்டுபோயிக் குளிக்கிற எடத்துல மாட்டு. அந்தப் பிள்ள எத்தனை நாளைக்குக் காத்தோட மல்லுக்கட்டும்?”

“நெசமாவாக்கா? பெயின்ட் அடிச்சு மறைச்சிரவா?”

“மறைச்சே, ஆடு மேய்க்கத்தான். கை வெளிப்பக்கம் தெரியிற மாதிரி மாட்டுலே.”

மாட்டினார். ஒரு கீல் உடைந்தது, வேறு வாங்கி மாட்டினார். குளிக்கப் போகிறவர்களை ‘நில், உள்ளே ஆள் இருக்கிறது’ என்று போலீஸ்காரர் மாதிரி தடுத்துக்கொண்டு நின்றது அந்த வெள்ளிக் கை. சந்தனமும் மாலையும் போய்விட்டன. அமாவாசைக்கு வடை மட்டும் நிற்கவில்லை. இலையை எங்கே போடுவது என்று முதல் அமாவாசைக்கு அம்மா கொஞ்சம் திணறினாள். பிறகு பின்வாசலில் அப்பாவுக்கென்று வெறும் தரையில் போட்டாள். காக்கை வழக்கம்போல வந்தது.

அந்த அமாவாசைக் காலையில்தான் நான் அதைப் பார்த்தேன். அத்தை உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா மாற்றுப்புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே தன் முறைக்காக நின்றாள். கதவில் இருந்த கையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் பல்தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னாள்.

“இம்புட்டு நாளா இதைப் பாத்தா கை மட்டும்தான்லே தெரிஞ்சுச்சு. இப்பப் பாரு, அன்னைக்கு நான் வாசல்ல நின்னு கேக்குறேன், ‘யாரு வேலை இது’ன்னு. ஒங்கப்பா என் மூஞ்சியப் பாக்காம கூரை மோட்டப் பாக்காரு. கீழ்உதட்ட உள்ள மடிச்சு வச்சுருக்காரு, சிரிப்பு வந்துரும்னு. மூக்குல வேர்த்துருக்கு. நான்தான்னு சொல்றாரு. அந்த மூஞ்சி அப்படியே வந்து நிக்கிதுலே.” என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தவள் கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். “பொய்யச் சொல்றதுக்கு ஒங்களுக்கு நல்ல மொகரைதான், போங்க!”

உள்ளே சொம்பு நின்றது. “மதினி, யார்கூடப் பேசுறீக?”

“ஒங்கண்ணன்கூடத்தான். நீ குளி.”